தையற்கடையிலிருந்து ஆடைத் தொழிற்சாலை வரை: வன்னியில் கருவியும் ஒழுங்கும் பயிற்சியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் இருக்கிறது புதுக்குடியிருப்பு. வெளியில் உள்ளவர்கள் இந்த ஊரின் பெயரை 2009ஆம் ஆண்டுப் போர்ச் செய்திகளில்தான் கேட்டிருப்பார்கள். 2021 மே மாதம் அது வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் வந்தது. அங்குள்ள ஆடைத் தொழிற்சாலையில் கொவிட் தொற்று பரவியதும் புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, முள்ளியவளை ஆகிய மூன்று பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. ஒரு தொழிற்சாலைக்காக மூன்று பிரிவுகளை ஏன் மூட வேண்டும்? அங்கு வேலை செய்யும் பிள்ளைகள் அத்தனை கிராமங்களிலிருந்து வருகிறார்கள். போர் முடிந்து பன்னிரண்டு வருடங்களுக்குள் ‘கார்மென்ட்’ அந்த மாவட்டத்தின் வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் நுழைந்துவிட்டது என்பதை அந்தச் செய்திதான் எனக்குக் காட்டியது.

இந்த மாற்றத்தை ஒரு வரலாற்றுக் கேள்வியாக எடுத்துப் பார்க்க விரும்புகிறேன். உற்பத்தித் தொழில் ஒன்று நன்றாக நடக்க மூன்று வேண்டும் என்று முகாமைத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன: தொழினுட்பம், அமைப்பு முறை, ஊழியர் பயிற்சி. நம் பல்கலைக்கழக மாணவர்கள் இம்மூன்றையும் வினாக்கொத்தில் போட்டு, எந்தக் காரணி எத்தனை வீதம் என்று அட்டவணை தயாரிக்கிறார்கள். அந்த அட்டவணை ஒரு நாளின் நிலவரத்தைச் சொல்லும். இந்த மூன்றும் ஓர் ஊருக்கு எப்படி வருகின்றன, யார் கையில் இருந்தன, யார் கையிலிருந்து போயின என்பதை அறிய வரலாற்றிடம்தான் போக வேண்டும். வடக்கு முஸ்லிம்களாகிய நமக்கு அந்தக் கணக்கில் சொந்தப் பங்கு ஒன்று உண்டு. தையல் நமது தொழிலாக இருந்தது.

இப்னு கல்தூனின் தையற்காரர்

தொழிலையும் பயிற்சியையும் பற்றி நம் அறிவு மரபில் தெளிவாகப் பேசியவர் இப்னு கல்தூன் (1332–1406). 1377இல் அவர் எழுதிய முகத்திமாவில் கைத்தொழில்களுக்கென்றே பல பகுதிகள் உண்டு. நெசவுக்கும் தையலுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. அவர் கையாளும் முக்கியமான சொல் ‘மலகா’. ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மனிதனுக்குள் வேரூன்றிப் போகும் தேர்ச்சி அது. புத்தகத்தில் படித்து அது வராது. தேர்ந்தவர் செய்வதைக் கண்ணால் பார்த்து, அவர் அருகில் இருந்து செய்துதான் வரும் என்கிறார். ஆகவே கற்பவரின் தேர்ச்சி கற்பிப்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தது.

ஒரு தொழிலில் மலகா ஊறிப் போனவர் இன்னொரு தொழிலில் அதே உச்சத்தை அடைவது அரிது என்றும் சொல்கிறார். அதற்கு அவர் எடுக்கும் உதாரணமே தையற்காரர்தான். தையலில் கை தேர்ந்தவர் பிறகு தச்சிலோ கட்டட வேலையிலோ அந்த அளவுக்குத் தேர்வது கடினம். மற்றொன்று: தொழில்கள் ஒரு நகரத்தில் ஆழமாக ஊன்றிவிட்டால், அந்த நகரம் சுருங்கிப் போன பிறகும் அவை சில காலம் நிலைக்கும். அன்டலூசியாவின் நகரங்களை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்.

தையல் குடியிருந்து வாழும் மக்களின் கலை என்பதும் அவர் கருத்து. துணியை வெட்டி, உடலின் அளவுக்குப் பொருத்தித் தைப்பது நகர வாழ்வின் அடையாளம். ஹஜ்ஜில் தைத்த ஆடை விலக்கப்பட்டிருப்பதற்கு அவர் சொல்லும் விளக்கமும் இதனோடு சேர்ந்ததே: உலக வாழ்வின் பற்றுகளைக் களைந்து, படைக்கப்பட்ட நிலையில் இறைவனிடம் திரும்புவது. தைத்த துணி மனித நாகரிகத்தின் சுருக்கம் என்று அவர் கருதியதால்தான் இந்த விளக்கத்துக்கு வர முடிந்தது.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வருவோம்.

1877இல் வந்த மெசின்

சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். ஐசக் சிங்கர் அமெரிக்காவில் தன் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று அப்போது 26 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மெசினோடு சேர்ந்து தவணைக் கொள்முதலும், தைக்கப் பழக்கும் வகுப்பும் வந்தன. அதாவது அந்த நிறுவனமே கருவியை மட்டும் விற்கவில்லை. பணம் கட்டும் ஒழுங்கையும் பயிற்சியையும் சேர்த்துத்தான் விற்றது. காலால் மிதிக்கும் அந்தக் கறுப்பு மெசின் இன, மத பேதமில்லாமல் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் போனது. சீதனப் பட்டியலிலும் ஏறியது.

கருவி எல்லோரிடமும் இருந்தும், யாழ்ப்பாணத்தில் கடைத் தையல் ஏன் பெருமளவுக்கு முஸ்லிம்களின் தொழிலாக அமைந்தது? மெசினில் அதற்கு விடை இல்லை. வணிகம், இரும்புச் சாமான், லொறி, இறைச்சிக் கடை ஆகியவற்றோடு தையலையும் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒரு சமூகத் தொழிலாக ஒழுங்கமைத்து வைத்திருந்தார்கள். வாப்பாவின் கடையில் மகன், மாமாவின் கடையில் மருமகன் என்று அது நடந்தது.

என் சாச்சா ஒருவர் தையற்காரர். அவர் தொழில் பழகிய வரிசையைச் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். முதலில் கடை கூட்டுவது, கரி இஸ்திரிப் பெட்டிக்கு நெருப்புப் போடுவது. பிறகு தெறி தைப்பது, ஓரம் மடிப்பது. அதன் பிறகே மெசினில் குந்த விடுவார்கள். அதுவும் சாரம் மூட்டுவதற்கு. சேர்ட்டும் காற்சட்டையும் பிறகு. கத்தரிக்கோலைத் தொடுவதற்கு வருடக் கணக்காகும். “மெசின் காசுக்குக் கிடைக்கும் மகன், வெட்டுறதுக்குக் கண் வேணும்” என்பார். வாடிக்கையாளரைப் பார்த்த மாத்திரத்தில் தோள் சரிவையும் வயிற்றுச் சுற்றளவையும் மனத்தில் எடுத்துவிடும் கண் அது. இப்னு கல்தூனின் மலகாவுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்த முறையின் பலம், பழகி முடித்தவன் முழு ஆடையையும் அறிந்தவனாக வெளியே வருவது. அளவெடுப்பது முதல் விலை பேசுவது வரை அவனுக்குத் தெரியும். ஒரு மெசினும் ஒரு வாசலும் இருந்தால் தனிக்கடை போட்டுவிடுவான். பலவீனமும் இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. அறிவு எழுத்தில் இல்லை. மாஸ்டர் மௌத்தானால் பாதி அவரோடு போய்விடும். பெருநாளும் தீபாவளியும் வந்தால் விடிய விடிய வேலை. மற்ற மாதங்களில் மெசின் சும்மா கிடக்கும். பெண்கள் வீட்டில் தைத்தார்கள். கடையின் தொழிற்கல்வி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடை எவ்வளவு பெயர் எடுத்தாலும் இரண்டு மூன்று மெசினுக்கு மேல் வளராது. பயிற்சி ஆழமானது, அமைப்போ சிறியது.

1990: பயிற்சிக்கூடம் கலைந்தது

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30; இரண்டு மணி நேர அவகாசம். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் போன்ற முல்லைத்தீவு மாவட்ட ஊர்களும் அதே மாதத்தில் வெறுமையாயின. ஏறத்தாழ 75,000 பேர். இந்தச் சரித்திரம் இங்கு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. நானும் அதைத் திரும்ப விரிக்கப் போவதில்லை. தொழில் வரலாற்றின் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

இழப்புப் பட்டியல்களில் வீடு, காணி, நகை, கடை, மெசின் என்று எழுதினோம். எழுத முடியாமல் போன ஓர் இழப்பு உண்டு: பழக்கும் ஒழுங்கு. தையற்காரரின் கைத்திறனை யாரும் பறிக்க முடியவில்லை. அது அவரோடு புத்தளத்துக்கு வந்தது. ஆனால் மாஸ்டர் ஒரு முகாமில், பழகுநர் இன்னொரு முகாமில், வாடிக்கையாளர் யாழ்ப்பாணத்தில். கடன் கொடுத்த துணிக்கடைக்காரரும் அகதி. பலர் கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போனார்கள். கற்றவரின் கையில் தொழில் இருந்தது. அடுத்த தலைமுறையின் கைக்கு அது போகவில்லை. நகரம் தேய்ந்தாலும் தொழில் நிலைக்கும் என்று இப்னு கல்தூன் சொன்னது மக்கள் அங்கேயே இருக்கும் நகரத்துக்கு. மக்களைப் பிடுங்கி எறிந்தால் கதை வேறு.

நம்மை வெளியேற்றிய பின் அங்கு இருந்த தமிழ் மக்களுக்கும் தொழில் வாழ்வு வாய்க்கவில்லை என்பதையும் நீதியோடு சொல்ல வேண்டும். அரசின் பொருளாதாரத் தடை எரிபொருள், சீமெந்து, உரம், மின்கலம் என்று நீண்டது. ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் உற்பத்தி போர்க்காலத்தில் நின்றது. 2002இல் ஏ9 வீதி திறந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. 2006 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. 2009இல் புதுக்குடியிருப்பிலும் அதைச் சுற்றியும் நடந்ததை உலகம் அறியும். கடையும் மெசினும் கையும் உயிரும் அங்கு சேர்ந்தே அழிந்தன. ஆகவே புதிய ஆடைத் தொழிற்சாலை வந்து நின்ற இடம், பழைய தொழில் மரபுகள் இரண்டு தடவை கலைக்கப்பட்ட இடம்.

தெற்கில் வளர்ந்த வேறொரு பள்ளி

வடக்கு இப்படி இருந்த அதே காலத்தில் தெற்கில் தையல் வேறொரு உருவம் எடுத்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. பணக்கார நாடுகள் 1974 முதல் நடைமுறைப்படுத்திய பல்நார் ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவு ஆடைதான் என்று கோட்டா வைத்தது. தன் கோட்டா தீர்ந்த நாட்டு முதலாளிகள் கோட்டா மிச்சமிருந்த இலங்கைக்கு வந்தார்கள். 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்குத் தொழிற்சாலைகளைக் கொண்டுபோனது. கிராமத்துக்குப் போகும் முதலாளிக்குக் கோட்டாவில் சலுகை கிடைத்தது. போர் நடந்த வடக்கு அந்த அலையைத் தவறவிட்டது.

திறந்த பொருளாதாரம் நம் சமூகத்தின் இன்னொரு தொழிலை அடித்ததையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். 1970–77 காலத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மருதமுனை, காத்தான்குடி நெசவு தழைத்தது. தறிச் சத்தம் கேட்காத வீடு குறைவு என்பார்கள். கதவு திறந்ததும் வெளிநாட்டுத் துணி வந்து இறங்கியது. தறி பழையதாக இருந்தது ஒரு காரணம்தான். நூல் வாங்குவது, தரம் பார்ப்பது, புதிய சந்தை தேடுவது என்ற ஒழுங்கு வீடு வீடாகச் சிதறிக் கிடந்ததும் ஒரு காரணம். பாதுகாப்பு இருந்த ஏழு வருடத்தில் அந்த ஒழுங்கைக் கட்டியிருந்தால் விழுந்த அடியின் வலி குறைந்திருக்கும்.

2005 சனவரி 1இல் கோட்டா முறை முடிந்தது. இலங்கையின் ஆடைத்தொழில் அதோடு சரியும் என்று பயந்தவர்கள் ஏராளம். அது சரியாமல் நின்றதற்குக் காரணம், பெரிய நிறுவனங்கள் இடைப்பட்ட காலத்தில் மலிவுக் கூலியை மட்டும் நம்பாமல் உற்பத்தி ஒழுங்கையும் பயிற்சியையும் கட்டியிருந்தமை. 1987இல் அமலீன் சகோதரர்கள் தொடங்கிய மாஸ் ஹோல்டிங்ஸ், ஜப்பானின் டொயோட்டா கார்த் தொழிற்சாலை முறையைத் தழுவித் தனக்கென ஓர் உற்பத்தி முறையை வகுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் அந்த நிறுவனத்தின் ‘வானவில்’, ‘விடியல்’ தொழிற்சாலைகள் கிளிநொச்சிக்கு வந்தன. வவுனியாவில் ஒமேகா லைன் வந்தது. புதுக்குடியிருப்புக்கும் தொழிற்சாலை வந்தது. ஆகவே வன்னிக்கு வந்தது வெறும் கட்டடமும் மெசினும் அல்ல. தெற்கில் முப்பது வருடம் பழகிய ஒரு முறை.

லைன் எப்படி ஓடுகிறது

தையற்கடையையும் தொழிற்சாலையையும் பிரிப்பது மெசினின் வேகம் என்று நாம் நினைக்கிறோம். மெசின் வேகம்தான், நிமிடத்துக்கு 4,000 தையலுக்கு மேல் போகும். ஆனால் ஓர் ஆடை தைபடும் நேரத்தில் ஊசி ஓடும் நேரம் சிறு பங்குதான். மிச்ச நேரம் துணியை எடுப்பது, இரண்டு ஓரங்களைச் சேர்ப்பது, திருப்புவது, அடுத்தவருக்குத் தள்ளுவது. அதெல்லாம் கையின் வேலை. அதனால்தான் உலகத்தில் எத்தனையோ தொழில்கள் தானியங்கியான பிறகும் தையல் இன்னும் பெண்பிள்ளைகளின் விரல்களை நம்பி நிற்கிறது.

வேறுபாடு ஒழுங்கில் இருக்கிறது. ஒரு டீ-சேர்ட்டை எடுத்துக்கொள்வோம். தோள் பொருத்துவது ஒருவர், கழுத்துப் பட்டி ஒருவர், கை ஒருவர், பக்கத் தையல் ஒருவர், அடி மடிப்பு ஒருவர், லேபல் ஒருவர். இந்த வரிசைக்குப் பெயர்தான் ‘லைன்’. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆகும் என்று கடிகாரம் பிடித்து நியம நேரம் வைப்பார்கள். ஓர் ஆடைக்கு மொத்தம் 12 நிமிடம் என்று வையுங்கள். 25 பேர், எட்டு மணி நேரம், அதாவது ஆளுக்கு 480 நிமிடம். மொத்தம் 12,000 நிமிடம். கணக்குப்படி 1,000 ஆடை வர வேண்டும். 600 வந்தால் வினைத்திறன் 60 வீதம். லைனின் நன்மை தீமை எல்லாம் இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான்.

இனி ஒரு சிக்கலைப் பார்ப்போம். எல்லோரும் தம் வேலையை 30 செக்கனில் முடிக்கிறார்கள். கழுத்துப் பட்டி வைக்கும் பிள்ளைக்கு மட்டும் 40 செக்கன் ஆகிறது. லைனிலிருந்து மணிக்கு 120 ஆடை வெளியே வராது, 90தான் வரும். மற்றவர்களுக்கு இன்னும் வேகமான மெசின் வாங்கிக் கொடுத்தாலும் 90தான். அந்தப் பிள்ளைக்கு முன்னால் துணி குவியும், பின்னால் இருப்பவர்கள் கை கட்டி இருப்பார்கள். என்ன செய்யலாம்? அந்த மெசினுக்கு ஒரு வழிகாட்டித் தகடு பூட்டலாம்: அது கருவி. வேலையை இரண்டாகப் பிரித்துப் பக்கத்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம்: அது ஒழுங்கு. கழுத்துப் பட்டியும் தெரிந்த இன்னொருவரை உதவிக்கு விடலாம்: அது பயிற்சி. மூன்றும் ஒன்றையொன்று தாங்கித்தான் நிற்கும். இரண்டு மூன்று வேலை தெரிந்தவர்கள் லைனில் இல்லாவிட்டால், ஒருவர் காய்ச்சலில் படுத்தாலே லைன் படுத்துவிடும்.

ஒழுங்கின் பலத்தை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று மும்பைக்கு வடக்கே உள்ள தாராப்பூர், உம்பர்காவ் நெசவாலைகளில் நடந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தையும் உலக வங்கியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சில ஆலைகளுக்கு இலவசமாக முகாமை ஆலோசனை கொடுத்தார்கள். புதுத் தறி வாங்கச் சொல்லவில்லை. எந்தத் துணியில் என்ன பழுது என்று தினமும் எழுதுவது, தறி பழுதாகும் முன்னரே பராமரிப்பது, நூல் கையிருப்பைப் பெயரிட்டு அடுக்குவது, இவ்வளவுதான். முதல் வருடத்திலேயே உற்பத்தித் திறன் 17 வீதம் உயர்ந்தது. 2013இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்தபோது எனக்கு மருதமுனைதான் ஞாபகம் வந்தது.

பூசானுக்குப் போன 130 பேர்

பயிற்சிக்கு வருவோம். இங்கே பங்களாதேசத்திலிருந்து ஒரு சரித்திரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நூருல் காதர் என்ற முன்னாள் அரச அதிகாரி சிட்டகொங்கில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தென் கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, 1979இல் தம் ஆட்கள் 130 பேரை ஆறு மாதப் பயிற்சிக்காகப் பூசான் நகருக்கு அனுப்பினார். அவர்கள் கற்றது ஒரு தோளைத் தைப்பதை மட்டுமல்ல. வெட்டுவது, லைனை அமைப்பது, தரம் பார்ப்பது, மெசின் பராமரிப்பு, கொள்வனவாளரோடு பேசுவது என்று தொழிலின் முழு உடலையும் பார்த்துவிட்டு வந்தார்கள். 1980இல் தேஷ் தைத்தது 43,000 சேர்ட். 1987இல் 23 இலட்சம்.

அதைவிடப் பெரிய விளைவு வேறு. அந்த 130 பேரில் 115 பேர் சில வருடங்களில் தேஷை விட்டு விலகினார்கள். சொந்தத் தொழிற்சாலை போட்டார்கள், மற்றவர்களுடைய தொழிற்சாலைகளை நடத்தினார்கள், ஏற்றுமதி வணிகத்தில் இறங்கினார்கள். ஒரு கம்பனியின் கணக்கில் பார்த்தால் இது நட்டம். ஒரு நாட்டின் கணக்கில் பார்த்தால், இன்று உலகின் முன்னணி ஆடை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாகப் பங்களாதேசம் நிற்பதற்கு ஊன்றிய விதை. அதே தொழில் அங்கு வளர்ந்த வழியில் 2013 ஏப்ரலில் ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் மாண்டதும் நடந்தது. உற்பத்தி ஒழுங்கு இருந்தது. உயிரைப் பேணும் ஒழுங்கு இருக்கவில்லை. விரிசலைக் கண்டு உள்ளே போக மறுத்த தொழிலாளரை உள்ளே அனுப்பிய அமைப்பை நல்ல அமைப்பு என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. கூலியாளின் வியர்வை காயும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இதில் பேச வேண்டியது நிறைய உண்டு.

புதுக்குடியிருப்பின் கேள்வி, நமது கேள்வி

இப்போது புதுக்குடியிருப்புக்குத் திரும்பி வந்து ஒன்று கேட்கலாம். அங்கு தைக்கும் பிள்ளை ஐந்து வருடம் கழித்து வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும்? சம்பளம் வந்தது, அது சிறிய விடயமல்ல. போரில் கணவனையும் தகப்பனையும் இழந்த குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்தில் மாதச் சம்பளம் என்பது மானம். பெண்களுக்குத் தொழிற்கூடத்தின் கதவு திறந்ததும் பெரிது; நமது பழைய தையற்கடை அதைச் செய்யவில்லை. ஆனால் தொழில் என்ற அளவில், ஐந்து வருடம் பக்கத் தையல் மட்டும் போட்டவர் பக்கத் தையலில்தான் தேர்ந்திருப்பார். இப்னு கல்தூனின் மலகா அவரிடம் உண்டு, ஆனால் ஓர் ஆடையின் ஆறில் ஒரு பங்குக்கு.

நமது சாச்சாமாரின் கடையும் இன்றைய லைனும் இவ்விடத்தில் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக நிற்கின்றன. கடையில் பயிற்சி ஆழம், அமைப்பு சிறிது. லைனில் அமைப்பு பெரிது, பயிற்சி ஒடுக்கம். கடை விரிய முடியாமல் நின்றது. லைன் கொள்வனவாளர் வேறு நாட்டுக்குப் போனால் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீஎஸ்பி பிளஸ் சலுகை 2010இல் நிறுத்தப்பட்டு 2017இல் திரும்பக் கிடைத்ததை நாம் பார்த்தோம். தூரத்தில் எடுக்கும் ஒரு முடிவு இங்குள்ள லைனைத் தொடும். அப்படி ஒரு நாள் வந்தால், முழுத் தொழிலையும் அறிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத்தான் தொழில் ஊரில் நிலைக்கும். தேஷின் 115 பேர் சொல்லும் பாடம் இதுதான். கருவியைக் காசு கொடுத்து வாங்கலாம். ஒழுங்கைப் பார்த்துப் பழகலாம். தொழிலை ஊரில் வேரூன்ற வைப்பது பயிற்சியின் அகலம்.

ஆகவே செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன். பெரிய திட்டங்கள் அல்ல.

ஒன்று, சான்றிதழ். இலங்கையில் தேசிய தொழிற்தகைமை முறை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படிக்காமல் வேலையிலேயே பழகியவருக்கும் முன் அனுபவத்தைச் சோதித்துத் தகைமை கொடுக்கும் வழி அதில் உண்டு. புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலும் எஞ்சியிருக்கும் நமது முதிய தையற்காரர்களுக்கும், வன்னித் தொழிற்சாலைகளில் தைக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தகைமையைப் பெற்றுக்கொடுக்கப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சங்கங்களும் உதவலாம். தகைமை உள்ளவர் நாளை பழக்கும் மாஸ்டராகலாம்.

இரண்டு, மொழி. முறை தெற்கிலிருந்து வருகிறது. அதன் கையேடும் மேற்பார்வையும் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பிறந்தவை. லைன் சமன்படுத்தல், நியம நேரம், தரக் கட்டுப்பாடு பற்றித் தமிழில் எளிய நூல்கள் வேண்டும். தைப்பவர் மேற்பார்வையாளராக உயரும் படியில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மூன்று மொழியும் புழங்கும் புத்தளத்தில் வளர்ந்த நம் பிள்ளைகள் இதற்குப் பாலமாகலாம்.

மூன்று, சேர்ந்து பழகுதல். 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் உண்டு. முல்லைத்தீவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் காணி, வீடு, பதிவுப் பிரச்சினைகளோடு மல்லுக்கட்டும்போது தொழிற்பயிற்சி கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. அதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே லைனில் பக்கத்தில் இருந்து தைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும், ஒருவர் வேலை ஒருவரைத் தாங்கி நிற்கிறது என்பது தினமும் கண்ணால் தெரியும். மேடைப் பேச்சில் அது வராது.

நான்கு, எழுதி வைப்பது. நமது தையற்கடைகளின் வெட்டு முறைகள், அளவுக் கணக்குகள், மாஸ்டர்–பழகுநர் வரிசைகள் எங்கும் பதிவாகவில்லை. 1990க்கு முன் கத்தரிக்கோல் பிடித்தவர்களில் பலர் இன்று முதுமையை எட்டிவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்த வெட்டு முறைகளும் அளவுக் கணக்குகளும் லைனில் ஆறில் ஒரு பங்கை மட்டும் பழகிய பிள்ளைக்கு மிச்ச ஐந்து பங்கையும் கற்பிக்கும் பாடமாகும்.

தாவூத் (அலை) அவர்கள் இரும்பை வளைத்துக் கவசம் செய்ததைக் குர்ஆன் பேசும் இடத்தில், கண்ணிகளை அளவோடு கோக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டதும் வருகிறது. இரும்பு இறைவனின் அருளால் இளகியது. அளவையும் ஒழுங்கையும் அவர் கையால் செய்ய வேண்டியிருந்தது. வன்னிக்கு மெசின் வந்துவிட்டது. முழுத் தொழிலையும் கற்ற கைகளை அங்கு உருவாக்குவது அங்கு வாழ்கிறவர்களும் அங்கு திரும்புகிறவர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.